கோல்டன் குட்டியா, காலைத் தாங்கும் நாட்டு நாயா?

கேள்வி: வணக்கம் டாக்டர். எங்கள் வீடு கருங்கல் பக்கத்தில், 10 சென்டில். பின்னால் ரப்பர் விளை. வீட்டுக்காரர் மஸ்கட்டில் இருக்கிறார். நான் பள்ளி ஆசிரியை. காலை எட்டரைக்குப் போனால் திரும்ப ஐந்து மணி ஆகிவிடும். வீட்டில் 70 வயது மாமியார், அவருக்கு முட்டுவலி. 12 வயதில் மகன், 6 வயதில் மகள். 8 கோழிகளும் உண்டு. துணைக்கும் காவலுக்கும் ஒரு நாய் வேண்டும். மகன் கோல்டன் ரெட்ரீவர்தான் வேண்டும் என்று பிடிவாதம். மார்த்தாண்டம் பக்கம் ஒருவர் 40 நாள் குட்டி 22,000 ரூபாய், பேப்பரோடு என்றால் 30,000 என்கிறார். 40 நாளில் எடுத்தால்தான் வீட்டோடு ஒட்டுமாம். 5,000 முன்பணம் அனுப்பினால் வடசேரி பஸ் ஸ்டாண்டில் கொண்டு வந்து தருவாராம். இன்னொரு பக்கம், நாகர்கோவிலில் அடிபட்ட தெருநாய்களை எடுத்து வீட்டிலேயே வைத்துப் பார்க்கும் ஒரு அக்காவிடம் 2 வயதுப் பெண் நாட்டு நாய் இருக்கிறது. வண்டி மோதிப் பின்னங்கால் ஒடிந்து சரியானது. 8 மாதமாக அவரிடம் இருக்கிறது, கருத்தடையும் ஆகிவிட்டது. இப்போதும் அந்தக் காலைக் கொஞ்சம் தாங்கித்தான் நடக்கிறது. அங்கேயே 2 மாதக் குட்டிகளும் உண்டு. "தெருவில் கிடந்ததைக் கொண்டு வந்தால் பிள்ளைகளைக் கடிக்கும், பேய்நாய் (வெறிநாய்) ஆகிவிடும்" என்று மாமியார் பயப்படுகிறார். வளர்ந்த நாய் இனி நம்மிடம் ஒட்டுமா? எதை எடுக்கலாம்?

பதில்: சகோதரி, அந்த 5,000 ரூபாயை இன்னும் அனுப்பவில்லை என்றால் அனுப்ப வேண்டாம். மற்றதையெல்லாம் நிதானமாகப் பேசலாம்; இது மட்டும் இன்றைக்கே முடிவாக வேண்டிய காரியம்.

காசு கொடுத்து நாய் வாங்குவது தப்பு என்பதற்காக இதைச் சொல்லவில்லை. பொறுப்போடு நாய் வளர்த்துக் குட்டி கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் நாய் எடுக்கப் போகிறவருக்கு இரண்டில் ஒன்றாவது தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும். குட்டி என்றால் அதன் தாயைப் பார்த்திருக்க வேண்டும். குட்டி என்னவாக வளரும் என்பதற்கு நமக்குக் கிடைக்கும் நல்ல அடையாளம் தாய்தான். வளர்ந்த நாய் என்றால் அந்த நாயோடே சில மணி நேரம் இருந்திருக்க வேண்டும். பஸ் ஸ்டாண்டில் அட்டைப்பெட்டிக்குள் கைமாறும் 40 நாள் குட்டியிடம் இந்த இரண்டும் கிடையாது. காப்பகமா, விற்பவரா என்பதைவிட எனக்கு இதுதான் பெரிய கேள்வி.

40 நாளில் எடுத்தால்தான் ஒட்டும் என்பது உண்மையல்ல. நாய் இனப்பெருக்கம், விற்பனை பற்றிய 2017ஆம் ஆண்டு மத்திய அரசு விதிகள், 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று சொல்கின்றன. 8 வாரம் என்றால் 56 நாள். இடையில் இருக்கும் அந்த 16 நாள் வீண் நாள் அல்ல. கூடப்பிறந்தவற்றோடு உருண்டு விளையாடும்போதுதான், எவ்வளவு அழுத்திக் கடித்தால் மற்றதற்கு வலிக்கும் என்று குட்டி கற்றுக்கொள்கிறது. அழுத்திக் கடித்தால் எதிர்க்குட்டி கத்திவிட்டு விளையாட்டை நிறுத்திவிடும், தாய் ஒரு உறுமல் உறுமும். இந்தப் பாடம் முடியாமல் வந்த குட்டி, பால்பல்லால் உங்கள் 6 வயது மகளின் கையைக் கீறும்போது தான் செய்வது தப்பு என்றே அதற்குத் தெரியாது.

அடுத்தது பார்வோ என்ற குடல் நோய். இதை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வாங்கிய குட்டி பத்து நாளில் செத்துப்போவதற்கு முக்கியக் காரணங்களில் இது ஒன்று. பார்வோ வைரஸ் உடம்புக்குள் போய் 3 முதல் 7 நாள் வரை, சில சமயம் இரண்டு வாரம் வரை, வெளியே எதுவும் தெரியாது. குட்டி துள்ளிக்கொண்டுதான் இருக்கும். விற்பவர் இடத்தில் தொற்றியது உங்கள் வீட்டுக்கு வந்த நான்காம் நாள் வாந்தியாக, ஐந்தாம் நாள் துர்நாற்றத்தோடு ரத்தப்பேதியாக வெளிப்படும். அப்போது போன் செய்தால் "நீங்கள் கொடுத்த சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை" என்ற பதில்தான் வரும். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடம்பில் இருக்கும்வரை தடுப்பூசியும் முழுதாக வேலை செய்யாது. அந்தச் சக்தி எந்த வாரத்தில் வடியும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 3 அல்லது 4 வார இடைவெளியில், 16 வாரம் ஆகும்வரை திரும்பத் திரும்பப் போடுகிறோம். "ஒரு ஊசி போட்டாச்சு" என்று விற்பவர் சொன்னால் அது பாதுகாப்பு ஆகாது, தொடக்கம் மட்டுமே.

அந்த ஊசி அட்டையையும் உற்றுப் பாருங்கள். சரியான அட்டையில் மருந்துக் குப்பியிலிருந்து உரித்து ஒட்டிய சிறிய லேபிள் இருக்கும். அதில் மருந்தின் பெயர், தொகுதி எண், காலாவதித் தேதி. பக்கத்தில் போட்ட தேதி, மருத்துவரின் கையெழுத்து, அவருடைய பதிவு எண். வெறும் பேனாவால் தேதி மட்டும் எழுதிய அட்டை காகிதம்தான். தடுப்பூசி 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரிலேயே இருந்தாக வேண்டும். கடையில் வாங்கி ஸ்கூட்டர் பெட்டியில் வெயிலில் கொண்டுபோய் விற்பவரே குத்திய ஊசியை நம்ப முடியாது.

"பேப்பரோடு என்றால் 8,000 கூட" என்றாரே, அதுவும் சரியில்லை. கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் பதிவு என்பது தாயும் தகப்பனும் யார் என்று சொல்லும் வம்சாவளிச் சான்று. ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளுக்கு ஒரே தாய் தகப்பன்தானே? வேண்டியவருக்கு உண்டு, வேண்டாதவருக்கு இல்லை என்று தேங்காய்க்கு மட்டை உரிக்கக் கூலி கேட்பது மாதிரி அது தனியாக விலை போகக் கூடாது. தவிர, அந்தப் பேப்பர் நாயின் ஆரோக்கியத்துக்குச் சான்று அல்ல. இடுப்பு மூட்டு நன்றாக இருக்கிறதா என்று அதில் எழுதியிருக்காது.

இனி, கோல்டன் என்ற நாயைப் பற்றி. ஸ்காட்லாந்தின் குளிரில், வேட்டையில் விழுந்த பறவையைத் தண்ணீரிலிருந்து எடுத்து வருவதற்காக 19ஆம் நூற்றாண்டில் உருவாக்கிய இனம் அது. மேலே நீர் ஒட்டாத நீண்ட முடி, அடியில் நெருக்கமான பஞ்சு முடி என்று இரண்டடுக்கு. நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வேர்க்காது. வாயைத் திறந்து இளைத்து, நாக்கிலிருந்து ஈரம் ஆவியாவதால்தான் சூடு தணிகிறது. காற்றிலேயே ஈரம் நிறைந்திருக்கும் நம் ஊரில் அந்த ஆவியாதல் மந்தமாகிவிடும். ஆனி, ஆடிச் சாரலும் நமக்கு உண்டு, ஐப்பசி, கார்த்திகை மழையும் உண்டு. இரண்டு மழைக்காலத்திலும் அந்த அடிமுடி காயாமல் நனைந்தே கிடந்தால் ஒரே ராத்திரியில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் சிவந்து நீர் வடியும் புண் வரும். மடிந்த காதுக்குள் ஈரம் தங்கிக் காது சீழ் பிடிக்கும். வெயிலுக்கு நல்லது என்று மொட்டையடிப்பதும் தீர்வல்ல; வெயில் நேராகத் தோலில் படும், முடி திரும்பச் சீராக வளராமலும் போகலாம். குளிர்சாதன வசதியோ நல்ல காற்றோட்டமோ உள்ள அறை, வாரம் மூன்று முறை சீப்பு போட ஒரு ஆள், குளித்தபின் உலர்த்த நேரம் என்று எல்லாம் இருந்தால் கோல்டன் இங்கேயும் வாழும். உங்கள் வீட்டில் அந்த ஆள் யார்? ஆறு வருடத்தில் மகன் படிக்க வெளியூர் போய்விடுவான். நாயின் ஆயுளோ 10, 12 வருடம். அந்த ஆள் நீங்கள்தான்.

இன்னொன்று, காவல். கோல்டன் நல்ல நாய், ஆனால் கேட்டைத் திறந்து வருகிறவரை வாலாட்டி வரவேற்கும். அதற்கு அதைக் குறை சொல்ல முடியாது; யாரோடும் இணக்கமாக இருக்கும் குணத்துக்காகவே பேணி வந்த இனம்.

உங்கள் வீட்டு நேரக் கணக்கைப் பார்ப்போம். 2 மாதக் குட்டிக்கு நாளைக்கு 4 வேளை சாப்பாடு. விழித்திருக்கும்போது 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை, தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடியதும் வெளியே கொண்டுபோக வேண்டும். நீங்கள் வீட்டில் இல்லாத எட்டரை மணி நேரத்தில் இதையெல்லாம் செய்யப் போவது முட்டுவலியுள்ள மாமியார். டைல்ஸ் தரையில் மூத்திரம் கிடக்கும். அவர் வழுக்கினால் இடுப்பெலும்பு. 8 மாதம் முதல் ஒன்றரை வயது வரை 25, 30 கிலோ இளநாய் ஆசையோடு மேலே பாயும்போது அவரால் நிற்க முடியாது. குட்டியின் அழகு மூன்று மாதம். அந்த முரட்டுப் பருவம் ஒரு வருடம். குட்டி வாங்குகிற பலர் இந்த ஒரு வருடத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. கைவிடப்பட்ட இன நாய்களின் வயதைக் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் இந்தப் பருவமாகத்தான் இருக்கும்.

சாப்பாட்டுச் செலவிலும் வித்தியாசம் உண்டு. 30 கிலோ நாய்க்கு நாளைக்கு 350 முதல் 400 கிராம் வரை உலர் தீனி, மாதம் 11 கிலோ பக்கம். 15 கிலோ நாட்டு நாய்க்கு 220 முதல் 250 கிராம் போதும். வீட்டுச் சாப்பாடு என்றாலும் இதே விகிதம்தான்.

ஆகவே என் யோசனை இது: உங்கள் வீட்டுக்கு அந்த 2 வயதுப் பெண் நாய்தான் பொருந்தும். அதையும் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கச் சொல்லவில்லை. எப்படிப் பார்ப்பது என்று சொல்கிறேன்.

மாமியாரின் பயத்தை முதலில் தீர்க்க வேண்டும். அது அர்த்தமில்லாத பயம் அல்ல. வெறிநோய் வந்துவிட்டால் பிழைப்பது இல்லை என்பதை அந்தத் தலைமுறை நேரில் கண்டிருக்கிறது. ஆனால் வெறிநோய் என்பது நாயின் குலத்தில் இருப்பதல்ல, கடியால் வரும் தொற்று. தொற்றிய நாய்க்கு நோய் வெளிப்படுவது பெரும்பாலும் 2 வாரத்திலிருந்து சில மாதங்களுக்குள். இந்த நாய் 8 மாதமாக ஒருவர் வீட்டில் கண்காணிப்பில் இருக்கிறது. வெறிநோய்த் தடுப்பூசி போட்டு ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தால், ஊர்பேர் தெரியாத தாயின் 40 நாள் குட்டியைவிட இதுதான் நம்பிக்கையானது. வெறிநோய் ஊசி 3 மாத வயதில்தான் போடுகிறோம். அதுவரை குட்டியின் கீறலும் பல்லும்கூட அலட்சியப்படுத்தக் கூடியவை அல்ல. கேட்டு வாங்க வேண்டியது ஊசித் தேதி. அதன்பின் வருடம் ஒரு முறை தவறாமல். செப்டம்பர் 28 உலக வெறிநோய் தினத்தையொட்டி அரசு கால்நடை மருத்துவமனைகளில் இலவச முகாம் நடத்துவார்கள். அந்தத் தேதியை நினைவில் வைத்தால் மறக்காது.

இருந்தாலும் வீட்டில் ஒரு சட்டம் இருக்கட்டும்: எந்த நாய் கடித்தாலும், ஊசி போட்ட சொந்த நாயே பல் பதித்தாலும், ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு நேராக அரசு மருத்துவமனை. மஞ்சள், சுண்ணாம்பு, காப்பிப்பொடி எதுவும் வைக்க வேண்டாம். அடி விழும் என்று பயந்து பிள்ளைகள் கீறலை மறைப்பது உண்டு. மறைக்காமல் சொன்னால் திட்டு விழாது என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

நாயைப் பார்க்க மூன்று தடவை போங்கள். முதல் தடவை நீங்கள் மட்டும், அவசரமில்லாத ஒரு நேரத்தில். போனதும் தொடாதீர்கள், கூப்பிடாதீர்கள். ஒரு நாற்காலியில் பக்கவாட்டாக உட்காருங்கள். தானாக வந்து மோப்பம் பிடித்து, உடம்பு தளர்ந்து, வால் முதுகு மட்டத்தில் அகலமாக ஆடினால் நல்லது. தூரத்தில் நின்று குரைத்துவிட்டுப் பத்து நிமிடத்தில் அடங்கி வருவதும் பரவாயில்லை. சொல்லப்போனால் உங்கள் காவல் தேவைக்கு அது பொருத்தம்தான். கடைசிவரை மூலையில் ஒடுங்கி, வாலை வயிற்றுக்கடியில் செருகி, கண்ணின் வெள்ளை தெரியப் பார்த்துக்கொண்டே இருந்தால், குழந்தைகள் உள்ள வீட்டுக்கு அது வேண்டாம். அதற்கு அமைதியான வேறொரு வீடு தேவை.

பிறகு அந்த அக்காவையே அதன் காதை, பாதத்தை, வாலடியைத் தொடச் சொல்லிப் பாருங்கள், அடுத்து நீங்கள். அடிபட்ட காலை யார் தொட்டாலும் என்ன செய்கிறது என்பது முக்கியம். வெடுக்கென்று திரும்பினால் அந்த இடத்தில் இன்னும் வலி இருக்கிறது. எக்ஸ்ரே இருந்தால் கேட்டு வாங்குங்கள். எலும்பு கூடிவிட்டு, கால் சற்றுக் குட்டையானதால் வரும் தாங்கல் என்றால் அது வாழ்நாள் முழுக்க அப்படியே இருக்கும், பெரும்பாலும் தொந்தரவு தராது. உடம்பை ஒல்லியாக வைத்திருப்பதும், வழுக்கும் தரையில் தென்னைநார் மிதியடி விரிப்பதும்தான் அதற்கு வைத்தியம். விலாவைத் தடவினால் எலும்பு விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். தேட வேண்டியிருந்தால் எடை கூடிவிட்டது என்று அர்த்தம்.

சாப்பாட்டுத் தட்டை வைக்கச் சொல்லி 6 அடி தள்ளி நின்று கவனியுங்கள். பட்டினி கிடந்த நாய்களில் சில, சாப்பிடும்போது ஆள் நெருங்கினால் விறைத்து, விழுங்கும் வேகம் கூடி, உறுமும். கையை நீட்டிச் சோதிக்காதீர்கள்; தள்ளி நின்றாலே தெரியும். லேசாக இருந்தால் பழக்கத்தால் சரியாகும், ஆனால் மகள் அதற்குச் சோறு வைக்கும் எண்ணம் அதுவரை தள்ளிப்போக வேண்டும். எப்படியிருந்தாலும், சாப்பிடும் நாயையும் தூங்கும் நாயையும் தொடக் கூடாது என்பதை மகளுக்கு மனப்பாடமாக்குங்கள்.

இரண்டாம் தடவை பிள்ளைகளோடு போங்கள், மூன்றாம் தடவை மாமியாரோடு. மாமியார் நாற்காலியில் உட்கார்ந்து, கையில் ஒரு பொரித்த நெத்திலி, உப்பும் காரமும் போடாதது, வைத்திருக்கட்டும். நாய் வந்து வாங்குவதும் அவர் முகமும் உங்களுக்குப் பாதி பதிலைச் சொல்லிவிடும். அவர் வேண்டாம் என்றால் கட்டாயப்படுத்தாதீர்கள். பகல் முழுக்க அதோடு இருக்கப் போகிறவர் அவர்.

வீட்டுக்கு வரும் முன் ஒரு ரத்தப் பரிசோதனை எடுக்கச் சொல்லுங்கள், செலவை நீங்கள் ஏற்றுக்கொள்ளலாம். உண்ணிக் காய்ச்சல் நம் பக்கம் சாதாரணம். எர்லிக்கியா, பேபீசியா என்ற இரண்டு கிருமிகளும் உண்ணி கடித்துத்தான் வருகின்றன. வெளியே தெரியாமல் மாதக்கணக்கில் உள்ளே இருந்து, திடீரென்று சாப்பாடு வெறுத்து, ஈறு வெளுத்து, மூக்கில் ரத்தம் வரும்போதுதான் தெரியும். பிளேட்லெட் எண்ணிக்கை குறைவாக இருந்தால் சந்தேகம். எர்லிக்கியா என்றால் டாக்சிசைக்ளின் 28 நாள் கொடுக்க வேண்டியிருக்கும், பத்தாம் நாள் தெளிந்துவிட்டது என்று நிறுத்தக் கூடாது. ஈறு பார்ப்பது எளிது: உதட்டைத் தூக்கி, கட்டைவிரலால் ஈறை அழுத்தி விடுங்கள். வெளுத்த இடம் 2 விநாடிக்குள் திரும்ப ரோஜா நிறம் ஆக வேண்டும்.

ரப்பர் விளை பின்னால் இருப்பதால் உண்ணி அங்கிருந்துதான் வரும் என்று நினைப்பீர்கள். நாய்க்கு வரும் பழுப்பு உண்ணி அதைவிட வீட்டையே அதிகம் விரும்பும். சுவர் வெடிப்பிலும் நாய்க்கூட்டின் பலகை இடுக்கிலும் போய் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். அதனால் நாய்க்கு மட்டும் மருந்து கொடுத்தால் போதாது. வெடிப்புகளைச் சிமென்ட் பூசி அடையுங்கள். உண்ணி மாத்திரையை எடைக்கு ஏற்ற அளவில் மருத்துவர் சொன்ன இடைவெளியில் கொடுங்கள். அது ஒரு மாதமா மூன்று மாதமா என்பது மருந்தைப் பொறுத்தது. வாரம் இரண்டு முறை காதின் உள்மடிப்பு, விரலிடுக்கு, கழுத்துப்பட்டையின் அடி, தொடையிடுக்கு ஆகிய நான்கு இடங்களையும் பார்க்க வேண்டும். இந்த வேலையை மகனிடம் கொடுங்கள். உண்ணியைச் சாமணத்தால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தால் வந்துவிடும். மண்ணெண்ணெய் ஊற்றுவது, தீக்குச்சி வைப்பது, பினாயில் தண்ணீரில் குளிப்பாட்டுவது மூன்றும் நாய்க்குத்தான் ஆபத்து.

மழைக்காலத்தில் எலி மூத்திரம் கலந்த தேங்கிய தண்ணீரால் எலிக்காய்ச்சல் வரும், அது மனிதருக்கும் தொற்றும். வருடாந்திர ஊசியில் அதற்கான மருந்தும் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள்.

அந்த அக்கா உங்களிடம் படிவம் கேட்கலாம், ஆதார் நகல் கேட்கலாம், வீட்டை வந்து பார்க்கிறேன் எனலாம், கருத்தடைக்கும் ஊசிக்கும் ஆன செலவில் ஒரு பங்கு கேட்கலாம். இதை அவமரியாதையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கேள்வி கேட்காமல் நாயைத் தூக்கிக் கொடுப்பவரிடம்தான் யோசிக்க வேண்டும். நீங்களும் ஒன்று கேளுங்கள்: 2 வாரம் வைத்துப் பார்க்கிறோம், ஒத்துவரவில்லை என்றால் திருப்பி எடுத்துக்கொள்வீர்களா என்று. அதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அங்கே உள்ள 2 மாதக் குட்டிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இலவசமாகக் கிடைத்தாலும் குட்டி குட்டிதான்; நேரக் கணக்கும் பார்வோ பயமும் மேலே சொன்னதேதான். நீங்கள் வீட்டில் இருப்பவராக இருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும். அந்த அக்கா வீட்டில் எப்போதாவது பார்வோ வந்திருந்தால் பெரிய நாயை எடுப்பதிலும் அதன் ஊசி முழுமையா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அந்த வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில், சில இடங்களில் ஒரு வருடத்துக்கு மேலும் உயிரோடு இருக்கும். பினாயில் அதை ஒன்றும் செய்யாது. ஒரு பங்கு பிளீச்சிங் திரவத்துக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து, தரையில் 10 நிமிடம் ஊறவிட்டுக் கழுவினால்தான் சாகும்.

இவ்வளவுக்கும் பிறகு மகன் கோல்டன்தான் என்றால், அதற்கு வழி உண்டு; இரண்டு வருடம் காத்திருக்க வேண்டும், வாங்கும் இடம் மாற வேண்டும். மாநில விலங்கு நல வாரியப் பதிவு உள்ளவரா என்று கேளுங்கள். அவர் இடத்துக்கே போய்த் தாயைப் பாருங்கள். முலைக்காம்பு தொங்கி, உடம்பு இளைத்து, ஆளைக் கண்டால் ஒளியும் தாயின் குட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். 2 வயதுக்குப் பின் எடுத்த தாய் தகப்பனின் இடுப்பு எக்ஸ்ரேயைக் காட்டச் சொல்லுங்கள். முதல் இரண்டு வாரத்தில் பார்வோவோ, டிஸ்டெம்பர் என்ற இன்னொரு வைரஸ் நோயோ வந்தால் யார் பொறுப்பு என்று எழுதி வாங்குங்கள். நல்லவர் என்றால் உங்களிடம்தான் அதிகம் கேள்வி கேட்பார்: வீட்டில் யார் இருக்கிறார்கள், எங்கே படுக்க வைப்பீர்கள், வளைகுடாவுக்குக் குடும்பத்தோடு போக வாய்ப்பு உண்டா என்று. அந்தக் கடைசிக் கேள்விக்கு உங்கள் பதில் என்ன என்று இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள், நாட்டு நாய்க்கும் அது பொருந்தும். சிப்பிப்பாறை, ராஜபாளையம் என்று யாராவது ஆசை காட்டினால், கோழிகள் உள்ள 10 சென்டுக்கு அந்த ஓட்ட நாய்கள் ஒத்துவராது. கண்ணில் அசைவது பட்டால் துரத்துவது அவற்றின் ரத்தத்தில் ஊறியது.

கோழி என்றதும் சொல்ல வேண்டும்: இந்த நாட்டு நாயும் முதலில் துரத்தலாம். கோழிகளைக் கூட்டுக்குள் அடைத்து, நாயைக் கயிற்றில் பிடித்து 20 அடி தள்ளி நின்று காட்டுங்கள். பார்த்துவிட்டு உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கிற நொடியில் ஒரு துண்டு முட்டை. நாளுக்கு 10 நிமிடம், 2 வாரம், தூரத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்து. அதுவரை கோழியும் நாயும் ஒரே நேரத்தில் வெளியே வேண்டாம்.

வளர்ந்த நாய் ஒட்டுமா என்று கேட்டீர்களே. ஒட்டும். மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று நாய் எடுப்பவர்களிடையே ஒரு கணக்கு உண்டு. முதல் மூன்று நாள் மிரண்டிருக்கும், சரியாகச் சாப்பிடாது. மூன்று வாரத்தில் வீட்டின் நேரம் பிடிபட்டு, அதன் உண்மையான குணமும் வெளியே வரும். மூன்று மாதத்தில் இது என் வீடு என்று கேட்டருகில் படுக்கும். குரைப்பும் அப்போதுதான் தொடங்கும். பகலெல்லாம் சங்கிலியில் கட்டிப்போட்டால் மட்டும் இந்தக் கணக்கு பலிக்காது. கட்டிக் கிடக்கும் நாய் எல்லோரையும் பார்த்துக் குரைக்கும், எதையும் காக்காது.

அழைத்து வரும் வாரத்தில் ஊரில் கோயில் கொடையோ சர்ச் திருவிழாவோ இருந்தால் தள்ளிப்போடுங்கள். கிறிஸ்துமஸ், தீபாவளிக்கு முந்தைய வாரமும் வேண்டாம். முதல் வெடிச்சத்தத்தில் மதிலைத் தாண்டினால், வீட்டுக்கு வழி தெரியாத நாய் திரும்பி வராது. முந்தின நாளே மதிலைச் சுற்றி நடந்து, கேட்டின் அடி இடைவெளியையும் மழைத்தண்ணீர் போகும் ஓட்டையையும் கம்பி வலையால் அடையுங்கள். கழுத்துப்பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழையும் இறுக்கம், அதில் உங்கள் போன் எண் பொறித்த தகடு. முதல் ஒரு வாரம் அந்த அக்கா கொடுத்த அதே சாப்பாடு. பிறகு கால் பங்கு கால் பங்காக மாற்றுங்கள். சோறும் அவித்த சாளையும் நல்லது, முள் நீக்க வேண்டும். கருவாடு, வெங்காயம் சேர்ந்த குழம்பு, வெந்த கோழி எலும்பு, சாக்லேட், திராட்சை கூடாது. காய்ச்சல் என்று நம் வீட்டுப் பாராசிட்டமால் கொடுக்கவே கூடாது. குளியல் ஒரு வாரம் கழித்து.

அழைத்து வரும்போது, அது இதுவரை படுத்திருந்த சாக்கையோ துணியையோ கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். துவைக்க வேண்டாம். திண்ணையில் மழைச்சாரல் அடிக்காத, மாமியாரின் நாற்காலி தெரிகிற மூலையில் அதை விரித்து, பக்கத்தில் தண்ணீர் வைத்துவிட்டு, அன்றைக்கு எல்லோரும் தம்தம் வேலையைப் பார்த்துக்கொண்டு இருங்கள்.